வேகமான வன்தட்டு வாங்கப் போகிறீர்களா?

மகளின் கலியாண வீடியோ, பேரப்பிள்ளை முதன்முதலாக நடந்த காட்சி, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய படங்கள் எல்லாம் வீட்டு மேசைக் கம்பியூட்டருக்குள்தான் இருக்கின்றன. இடமோ நிரம்பிவிட்டது. வெளியே பொருத்தும் வன்தட்டு ஒன்று வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். "இதுதான் ஆக வேகமானது" என்று விலை கூடிய ஒன்றை நீட்டுகிறார் கடைக்காரர். வாங்கலாமா?

சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே! கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாய் சிறுத்தால் வாளி மெதுவாகத்தான் நிறையும். இங்கே குழாய் என்பது வன்தட்டின் வயரைச் செருகும் யூ.எஸ்.பி. துவாரம்.

2000ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0 துவாரத்தில் செக்கனுக்குச் சுமார் 35 மெகாபைட்தான் போகும். 2008இல் வந்த 3.0 அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமானது. பெரும்பாலும் அதன் உட்பக்கம் நீல நிறமாக இருக்கும். கம்பியூட்டரின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். முன்னால் இல்லாத நீலத் துவாரம் அங்கே இருக்கலாம்.

இனி வன்தட்டைப் பார்ப்போம். இதில் இரண்டு வகை. ஒன்று, உள்ளே தட்டுச் சுழலும் பழைய வகை. மற்றையது, அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. நூறு ஜிகாபைட் வீடியோவைப் பிரதி எடுக்க, பழைய துவாரத்தில் எந்த வகைக்கும் முக்கால் மணி நேரம் வேண்டும். நீலத் துவாரத்தில் சுழலும் தட்டுக்குக் கால் மணி நேரமளவில் போதும்; எஸ்.எஸ்.டி.க்கு நாலைந்து நிமிடம். ஆனால் கம்பியூட்டருக்குள் இருப்பதும் சுழலும் தட்டென்றால், எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் அந்த வேகம் கிடைக்காது.

அப்படியானால் எதை வாங்குவது? பிள்ளைகள் அதிலேயே வைத்து வீடியோ வெட்டி ஒட்டுவதானால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். படங்களைப் பத்திரப்படுத்தி அலுமாரியில் வைப்பதற்கென்றால் சுழலும் தட்டே போதும். கொள்ளளவு கூடக்கூட அதற்கும் எஸ்.எஸ்.டி.க்கும் உள்ள விலை வித்தியாசமும் கூடும். நம்ப முடியாத மலிவு விலையில் 16 டெராபைட் என்று யாராவது விற்றால் ஏமாந்து விடாதீர்கள். அது போலி.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், எல்லாப் படங்களையும் புதிய வன்தட்டில் ஏற்றிவிட்டு, இடம் மிச்சமாகட்டும் என்று கம்பியூட்டரில் இருந்தவற்றை அழித்துவிட்டார். ஒரு நாள் வயரில் பிள்ளையின் கால் பட்டு, ஓடிக்கொண்டிருந்த வன்தட்டு கீழே விழுந்தது. மறைந்த கணவரின் படங்களும் அதோடு போயின. வேகம் அங்கே என்ன செய்யும்?

ஆகவே, ஆக வேகமான ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் சாதாரணமானவை இரண்டு வாங்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள். இரண்டிலும் பிரதி எடுத்து, ஒன்றை உம்மா வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பிரதி ஓடும்போது பக்கத்தில் கால் மணி நேரம் காத்திருப்பது பெரிய விடயமல்ல. போன படம் திரும்பி வருமா?

"இதெல்லாம் ஆண்களின் வேலை" என்று ஒதுங்கிவிடாதீர்கள். இன்றே கம்பியூட்டரைத் திருப்பி அந்த நீலத் துவாரத்தைத் தேடுங்கள்!