கொட்டை எழுத்தின் எடை

ஈய எழுத்துக் காலத்தில் கொட்டை எழுத்துக்கு எடையும் இருந்தது, விலையும் இருந்தது. சிறிய அச்சகங்களில் பெரிய எழுத்துகள் அளவாகத்தான் இருக்கும். நோட்டீஸின் தலைப்பு வரியில் நான்கு 'ம்' வந்து கேஸில் மூன்றுதான் இருந்தால், வாசகத்தைத்தான் திருத்த வேண்டும். அதனால் எந்த வரி உரத்துப் பேசலாம் என்பது கம்பாசிட்டர் ஸ்டிக்கைக் கையில் எடுக்கும் முன்பே முடிவாகிவிடும்.

தமிழும் பிரெஞ்சும் அச்சான புதுச்சேரியில் இந்தக் கணக்கு இரட்டிப்பு. ரோமன் எழுத்தில் உரத்துப் பேசப் பிறந்தது ஸ்லாப் செரிஃப்: தலையிலும் காலிலும் செங்கல் வைத்ததுபோலத் தடித்த முனைகள். 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் அதை வார்த்து விற்கத் தொடங்கினார். ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியதும் அதே பத்தாண்டில், 1816இல்தான். நெப்போலியன் படையெடுப்பால் எகிப்து மோகம் பரவியிருந்த காலம் என்பதால் ஸ்லாப் செரிஃபுக்கும் 'எகிப்தியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. திதோ வகை எழுத்தின் மயிரிழைக் கோடுகள் மட்டமான தாளிலும் மிகையான மையிலும் உடைந்துபோகும், இது தாங்கும். சுவரொட்டிகள் இதை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

1845இல் ராபர்ட் பெஸ்லியின் கிளாரெண்டன் இதைச் சற்று அடக்கி, புத்தகப் பக்கத்துக்குள் கொண்டுவந்தது. அகராதிகளில் தலைச்சொல்லைத் தடிப்பாகக் காட்ட அது உதவியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1855இலும் 1862இலும், புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் முசே, துப்புய் பாதிரிமார்களின் தமிழ்–பிரெஞ்சு அகராதி இரு தொகுதிகளாக அச்சானது. அங்கே தடிப்புக்கு அவ்வளவு தேவையில்லை என்று எனக்குத் தோன்றும். பிரெஞ்சு விளக்கத்தின் நடுவே தமிழ்ச் சொல் தன் உருவத்தாலேயே தனித்து நிற்கும்.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கட்டை முனை இயல்பல்ல. வளைவும் சுழியுமே அதன் உடல். கோட்டைத் தடிப்பாக்கினால் ஞ, ணி போன்றவற்றின் உட்கண்கள், அதாவது சுழிக்குள் இருக்கும் வெற்றிடங்கள், முதலில் அடைபடும். ஈயத்துக்கு அச்சு செதுக்கியவர் ஒவ்வொரு அளவையும் தனியாகச் செதுக்கினார். சிறிய அளவில் உட்கண்ணைக் கொஞ்சம் அகலமாக விட்டுவைக்க அவருக்கு வாய்ப்பிருந்தது. இன்று ஒரே வரைவே விசிட்டிங் கார்டு முதல் ஃபிளெக்ஸ் பேனர் வரை நீண்டு சுருங்குகிறது.

வசதி பெருகியதை மறுக்க முடியாது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கேட்டமரான்' எழுத்துரு, தமிழுக்கும் ரோமனுக்கும் சேர்த்தே ஒன்பது எடைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு தலைப்பு எழுத்துக்காக வாசகத்தைத் திருத்தியவர்கள் இதை நம்பியிருக்க மாட்டார்கள். 'ம்' தீர்ந்துபோவதும் இல்லை.

தீராததால்தானோ என்னவோ, இப்போது நோட்டீஸில் எல்லா வரியும் உரத்துப் பேசுகிறது. தொலைபேசி எண்கூடத் தடிப்புத்தான். கடற்கரையை ஒட்டிய வீதிகளின் உணவகப் பலகைகளுக்குப் பழைய பிரெஞ்சுச் சாயல் வேண்டுமென்றால், ராக்வெல் போன்ற ஸ்லாப் எழுத்து கணினியில் தயார்; அதுவும் 1934இல் வந்ததுதான். கீழே வரும் தமிழுக்கு அப்படிப் பொருந்தும் இணையைத் தேடுவோர் குறைவு. எடை பார்த்து வரைந்த எழுத்துருக்கள் இருந்தும், கை போவது தடிப்பாக்கும் 'பி' பொத்தானுக்கு. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாவிட்டால் கணினி ஓரத்தை மட்டும் ஊதிப் பெருக்குகிறது. ஞவின் உட்கண் அடைந்துபோகிறது.