வழிப்பிரயாணமும் சுவிசேஷமும்

விடுமுறை தொடங்கும் நாளில் நமது கல்லூரி வாயிலினின்று புகைவண்டி நிலையம் நோக்கிச் செல்லும் மாணவர் கூட்டத்துள், துண்டுப்பிரதிகளைப் பையில் வைத்துக்கொண்டு செல்வோர் சிலர் எக்காலத்தும் உண்டு. யானும் என் மாணவப் பருவத்தில் அவருள் ஒருவனாயிருந்தேன். ஒருமுறை திருநெல்வேலி செல்லும் வண்டியில் எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கையில் ஒரு பிரதியைக் கொடுத்தேன்; கொடுத்துவிட்டோம் என்னும் மனநிறைவோடு சன்னற்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதனை வெகுநேரம் உற்று நோக்கிக்கொண்டிருந்தார். கோவிற்பட்டியில் அவர் இறங்கிச் சென்ற பின்னர், அருகிலிருந்த அம்மையார் ஒருவர், "தம்பி, அந்தப் பெரியவருக்கு எழுத்துத் தெரியாது. மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சொல்லி வழியெல்லாம் கண்ணீர் விட்டாரே, நீ கவனிக்கவில்லையா?" என்றார். யான் கொடுத்த பிரதியோ துன்பத்தில் ஆறுதல் என்பதைப் பற்றியது.

அன்றுமுதல், பிரயாணத்திலே விசுவாசத்தைப் பகிர்வது என்றால் யாது என்னும் வினா என்னைவிட்டு நீங்கவில்லை. நம் நாட்டில் இப்பணி புரிந்தோர் சரித்திரங்களை ஆராய்ந்து கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

முதற்கண் ஒன்று கூற வேண்டும். சொந்த ஊரிலே ஒருவன் பேசும்போது அவன் குலமும் குடியும் நடத்தையும் கேட்போர்க்குத் தெரியும். வழிப்போக்கனுக்கு அத்தகைய சாட்சி ஒன்றும் இல்லை. அவன் அந்நியன், பிறர் திண்ணையில் இளைப்பாறுகிறவன், பிறர் கிணற்றில் நீர் கேட்கிறவன். ஆகவே கொடுக்கிறவனாக அன்று, பெறுகிறவனாகவே அவன் ஓர் ஊருக்குள் நுழைகின்றான். சீஷர்களை அனுப்பியபோது ஆண்டவர் பணப்பையையும் பாதரட்சையையும் விலக்கி, முன்வைப்பதை உண்ணும்படி கட்டளையிட்டதாக லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் காண்கின்றோம். இக்கட்டளை சிக்கனத்திற்காக மட்டும் சொல்லப்பட்டதன்று என்பது என் துணிபு. பிறர் சோற்றை உண்டவன் அவரை இகழ்ந்து பேச இயலாது. அங்ஙனமே காசாவுக்குப் போகும் பாதையில் எத்தியோப்பிய மந்திரியைக் கண்ட பிலிப்பு ஒரு கேள்வியோடு தொடங்கி, அழைக்கப்பட்ட பின்னரே இரதத்தில் ஏறினான். ஏறிய பின்னும், அம்மந்திரி வாசித்துக்கொண்டிருந்த ஏட்டிலிருந்தே பேச்சைத் தொடர்ந்தான். தன் ஏட்டிலிருந்து அன்று.

இனி நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். சுவார்த்தையர் என நம் முன்னோர் அன்போடு அழைத்த கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் 1750-ம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தவர். தமிழும் மராட்டியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். 1779-ம் ஆண்டில் சென்னைக் கவர்னர் ரம்போல்டு, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் மனக்கருத்தை அறிந்து சமாதானம் பேசிவருமாறு அவரை வேண்டினார். குருவானவர் ஒருவர் அரசியற் தூது செல்லலாமா என்று அவரே தயங்கினார். இரத்தஞ் சிந்துதலைத் தடுக்கலாம் என்பதும், போகும் வழியெல்லாம் தேவவசனத்தைப் பேசலாம் என்பதும், அரசாங்கத்தார் தமக்குச் செய்த நன்மைக்குக் கைம்மாறாகும் என்பதுமே அவர் இசைந்ததற்குக் காரணங்கள். திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டு, கரூர், சத்தியமங்கலம் வழியே கஜலஹட்டிக் கணவாய் ஏறிச் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார்.

அங்கே அவர் தங்கியது கோட்டைக்கு வெளியே அடித்த கூடாரம். ஹைதரிடம் சேவகஞ்செய்த ஐரோப்பியப் போர்வீரர் அக்கூடாரத்திற்கு வந்து ஆராதனையிற் கலந்துகொண்டனர். ஹைதரோ அதனைத் தடுக்கவில்லை. புறப்படும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைச் சுவார்த்தையர் கொண்டுவந்து சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் நீரே வைத்துக்கொள்ளும் என்றனர். அவரோ அதனைத் தஞ்சையில் ஏழைப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கும்படி வேண்டினார்.

தூது பயன்படவில்லை. மறு ஆண்டே, 1780-ல், ஹைதரின் சேனை கருநாடகத்தின்மேற் பாய்ந்தது. பயிர்கள் எரிந்தன, ஊர்கள் பாழாயின. எனினும் அந்தப் போரின் நடுவிலும், அப்பாதிரியார் எங்குச் சென்றாலும் ஒருவரும் அவரைத் தடைசெய்யலாகாது என்று ஹைதர் தம் படைத்தலைவர்க்கு உத்தரவிட்டிருந்தார். கோட்டை கொத்தளங்களில் நம்பிக்கை வைத்த இரு அரசுகளும் ஒன்றையொன்று நம்பவில்லை. கூடாரத்தில் தங்கிய ஒருவரை மட்டும் இரு திறத்தாரும் நம்பினர். அந்த 300 ரூபாயைத் தமக்கென வைத்திருந்தாராயின் என்ன நேர்ந்திருக்கும் என்று யான் சிலவேளை எண்ணுவதுண்டு. வழியிற் பேசிய சொல்லுக்கு, அவ்வழியில் நடந்துகொண்ட முறையல்லாது வேறு பிணையேது?

கால்டுவெல் ஐயரைப் பற்றி யாவரும் அறிவர். ஆதலின் சுருங்கச் சொல்லுகின்றேன். 1841-ம் ஆண்டில் சென்னையினின்று திருநெல்வேலிச் சீமைக்குச் செல்ல நேர்ந்தபோது, துரைமார் வழக்கப்படி பல்லக்கிலோ குதிரையிலோ செல்லாமல், சோழநாட்டு ஊர்கள் வழியாகவும் நீலகிரி வழியாகவும் நடந்தே சென்றார். ஜனங்களையும் அவர்கள் பேச்சையும் வழக்கங்களையும் அறிதலே நோக்கம். அந்நடையிற் பேசியதைக்காட்டிலும் கேட்டதே மிகுதி என்று கருத இடமுண்டு. பதினைந்து ஆண்டுகட்குப்பின், 1856-ல், அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் புரட்டும்போதெல்லாம், அதற்கும் அந்நடைக்கும் தொடர்புண்டு என்றே எனக்குத் தோன்றும்.

நிற்க. வழிப்பிரயாண ஊழியத்தின்மேல் ஒரு பெரிய குறை கூறப்படுவதுண்டு. "வருகிறான், சொல்லுகிறான், போய்விடுகிறான், கேட்டவன் கதி என்ன?" என்பதே அது. இக்குறையை உள்ளபடி உணர்ந்து அதற்குப் பரிகாரம் தேடியவர் இராக்லண்டு ஐயர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதத்தில் உயர்ந்த தேர்ச்சிபெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் அங்கத்தினராய் விளங்கிய இவர், சென்னையில் திருச்சபைச் சங்கத்தின் காரியதரிசியாய் இருந்தவர். மேசையையும் கணக்கையும் விட்டு, 1854-ம் ஆண்டில் பென், மெடோஸ் என்னும் இரு தோழரோடு வட திருநெல்வேலிக்குச் சென்று கூடாரமடித்தார். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் முதலிய இடங்களைச் சூழ்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்கள் அவர்கள் புலம். கரிசற்காட்டு வெயிலிற் கூடாரவாசம் எத்தகையது என்பதை அச்சீமையாருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

இவர்கள் முறையிற் சிறந்த அமிசம் ஒன்றுண்டு. ஓர் ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு மறப்பதன்று. அதே ஊருக்கு மீண்டும் மீண்டும் திரும்பிவருதலே அவர்கள் திட்டம். அன்றியும், தெற்கேயுள்ள திருநெல்வேலிச் சபைகளினின்று உபதேசிமார் முறைவைத்து வந்து, ஒவ்வொரு மாதகாலம் கூடாரத்தில் தங்கி, ஊர்களிற் பேசித் திரும்பினர். அவர்களுக்குரிய செலவைத் தாங்கியவை அவர்களை அனுப்பிய சபைகளே. பனங்காட்டில் உழைத்த எளிய குடும்பங்களின் காணிக்கை, தாங்கள் கண்டறியாத ஊராரின் நன்மைக்காக வடக்கே சென்றது. தமிழ்ச்சபை பிறர் கையை எதிர்பாராது ஊழியஞ்செய்யக் கற்றது இத்தகைய வழிநடைகளிலேதான். அதைச் சரித்திரக்காரர் இன்னும் விரித்தெழுதியிருக்கலாம் என்பது என் மனக்குறை.

விளைவு என்னவெனில், கண்ணாற் காணத்தக்கது மிகக் குறைவு. முன்னரே உடல்நலங்குன்றியிருந்த இராக்லண்டு ஐயர் 1858-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சிவகாசியிற் காலமானார். கூடாரமடித்து நான்கு ஆண்டுகளே நிறைந்திருந்தன. மனந்திரும்பினோர் தொகையைக்கொண்டு அளப்போர்க்கு இது தோல்வியாகவே தோன்றும். அவருடைய தோழர்களோ கூடாரத்தைப் பிரிக்காமல் அவ்வூர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றனர்.

திரும்பி வருதல் ஒரு வழி. நின்றுவிடுதல் மற்றொரு வழி. 1896-ம் ஆண்டின் முடிவில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊரூராய்ச் சென்று, வீட்டுப் பெண்களோடு பேசிவந்தார். பெண்கள் குழுவாய் இங்ஙனம் பிரயாணஞ்செய்தல் அக்காலத்துக்கு வியப்பு; சிலருக்கு வெறுப்புங்கூட. 1901-ம் ஆண்டில், கோவில் ஊழியத்துக்கென விடப்பட்ட ஒரு சிறுமி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளுக்குப்பின் வேறு பிள்ளைகளும் வந்தனர். குழந்தைக்குப் பால் புகட்டுகிறவள் விடியற்காலையில் வண்டிபூட்டிப் போவது எவ்வாறு? சுவிசேஷப் பிரயாணத்தை நிறுத்துவது கடமை தவறுவதாகுமோ என்னும் கலக்கம் அம்மையாருக்கும் இருந்தது. முடிவில் வண்டி நின்றது. தோனாவூரில் பிள்ளைகளுக்கு வீடு எழுந்தது. தமிழ்ப் பெண்களும் அவ்வீட்டில் அன்னையராயினர். பொன்னம்மாள் 1915-ல் இறக்கும்வரை அப்பிள்ளைகளோடே இருந்தார்.