எழுதப்படாத கட்டுரைக்கு 400 மேற்கோள்

வான் டெர் கீர், ஹன்ராட்ஸ், லப்டன் என்று மூன்று ஆசிரியர்கள். ஆண்டு 2000. தலைப்பு, ‘அறிவியல் கட்டுரை எழுதும் கலை’. இதழின் 163ஆம் தொகுதி, 51 முதல் 59 வரையான பக்கங்கள். ஏறத்தாழ 400 ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் இந்த விவரம் அச்சாகியிருக்கிறது. ஆனால் அப்படியொரு கட்டுரையே கிடையாது. அது வெளிவந்ததாகச் சொல்லப்படும் ஆய்விதழும் கிடையாது.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பீட்டர் க்ரோனென்பெர்க் அந்தக் கட்டுரையைத் தேடிப் போனபோதுதான் குட்டு உடைந்தது. மேற்கோளை எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக, எல்சேவியர் பதிப்பகம் தன் மாதிரிப் படிவத்தில் போட்டுவைத்த கற்பனை உதாரணம் அது. படிவத்தை இறக்கி அதன்மேல் தங்கள் கட்டுரையைத் தட்டச்சு செய்த பலர், அடியில் கிடந்ததை அழிக்க மறந்துவிட்டார்கள். லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் இந்தக் கதையை 2017இல் விரிவாக எழுதினார். பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள் என்பது அவர் கணக்கு. எழுதியவர், உடன் எழுதியவர், மதிப்பீட்டாளர், பதிப்பாசிரியர் என்று அத்தனை பேரையும் தாண்டி அது அச்சேறியிருக்கிறது. மேற்கோள் பட்டியலை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

படிக்காவிட்டாலும் தயாரித்தாக வேண்டுமே. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியவர்களைக் கேட்டால் தெரியும், கடைசி மாதத்தில் உயிரை வாங்குவது துணைநூற்பட்டியல்தான். உளவியல்காரர்களுக்கு ஏபிஏ நடை, மருத்துவத்துக்கு வான்கூவர், பொறியியலுக்கு ஐஇஇஇ, இலக்கியத்துக்கு எம்எல்ஏ (சட்டமன்றத்துக்குப் போகிறவர் இல்லை, மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்). ஒன்றில் ஆண்டு ஆசிரியர் பெயரை ஒட்டி வரும், இன்னொன்றில் கடைசிக்குப் போய்விடும். ஓர் இதழ் நிராகரித்த கட்டுரையை அடுத்த இதழுக்கு அனுப்பும்போது, எண்பது தொண்ணூறு குறிப்புகளையும் புதிய விதிப்படி முற்றுப்புள்ளி, காற்புள்ளி உட்பட மாற்றியாக வேண்டும். அறிவுக்கு இதில் வேலையே இல்லை, பொறுமைக்கு மட்டும்தான்.

இந்தப் பாட்டைக் குறைக்கத்தான் மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் வந்தன. ஓரென் படாஷ்னிக்கும் லெஸ்லி லாம்போர்ட்டும் 1985இல் உருவாக்கிய பிப்டெக், கணிதக்காரர்களுக்கும் இயற்பியல்காரர்களுக்கும் இன்றும் கைகொடுக்கிறது. எண்ட்நோட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. மெண்டலே லண்டனில் பிறந்து, 2013இல் எல்சேவியர் கைக்குப் போனது. ஜோட்டெரோ, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையினர் முன்னின்று 2006இல் வெளியிட்ட இலவச, திறமூல மென்பொருள். எண்ட்நோட்டின் நடைக் கோப்புகளை ஜோட்டெரோவால் படிக்க முடிகிறது என்பதற்காக, அப்போது எண்ட்நோட்டை வைத்திருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008இல் வழக்கே போட்டது. மறு ஆண்டு அது தள்ளுபடியானது. காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்கிற விதிகளைச் சுற்றி ஒரு நீதிமன்ற வழக்கு!

உள்ளே நடப்பது ஒன்றும் மாயமில்லை. ஒரு கட்டுரையின் இணையப் பக்கத்தைத் திறந்துகொண்டு, பிரவுசரின் மூலையில் உள்ள பொத்தானை அழுத்துகிறோம். வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்துக்குள் ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் அவற்றை எடுத்து அதனதன் கட்டத்தில் போட்டுக்கொள்கிறது. பிடிஎஃப் கோப்பாக இருந்தால், முதல் பக்கங்களில் ‘10.’ என்று தொடங்கும் டிஓஐ எண்ணைத் தேடிப் பிடிக்கிறது. 2000இல் பதிப்பாளர்கள் சேர்ந்து தொடங்கிய கிராஸ்ரெஃப் அமைப்பிடம் அந்த எண்ணைக் கொடுத்து விவரங்களைக் கேட்டு வாங்குகிறது. ஆக, சேமிக்கப்படுவது வாக்கியம் அல்ல, கட்டம் கட்டமாகப் பிரித்த தகவல். அதை எந்த வரிசையில், எந்தக் குறியிட்டு அடுக்குவது என்பது தனிக் கோப்பு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நடைகளுக்கு இப்படிக் கோப்புகள் ஆயத்தமாக இருக்கின்றன. இதழ் மாறினால் நடையை மாற்றிச் சொடுக்கினால் போதும், பட்டியல் முழுவதும் உருமாறிவிடும்.

கோளாறும் அந்தக் கட்டங்களில்தான் புகுகிறது. பிப்டெக்கின் சில நடைகள் தலைப்பின் பெரிய எழுத்துகளைச் சின்ன எழுத்தாக்கிவிடும். டிஎன்ஏ என்பதைச் சுற்றி நெளிவு அடைப்புக்குறி போட்டுக் காப்பாற்றாவிட்டால், மூன்று எழுத்தும் சிறுத்துப்போய் நிற்கும். அதுவாவது பார்த்ததும் தெரிகிற பிழை. பெயர்க் கட்டங்களில் நேர்வது அப்படித் தெரியாது. குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம் என்று மென்பொருள் எதிர்பார்க்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டியெழுப்பிய எஸ். ஆர். ரங்கநாதனின் இரண்டு இனிஷியல்களில் முதலாவது ஊர், அடுத்தது தந்தை பெயர் ராமாமிர்தம். சொந்தப் பெயர் கடைசியில் நின்றதால், எந்த நடையிலும் ‘ரங்கநாதன், எஸ். ஆர்.’ என்று சரியாக விழுந்துவிடுகிறது. இனிஷியலை விரித்துப் பின்னால் போட்டுக்கொள்ளும் இன்றைய தலைமுறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு பேச்சுக்கு, முருகேசன் மகள் கயல்விழி, ‘கயல்விழி முருகேசன்’ என்ற பெயரில் கட்டுரை வெளியிடுகிறாள். பட்டியல்களில் அவள் ‘முருகேசன், கே.’ ஆகிவிடுவாள். அண்ணன் கதிரவனும் ஆய்வாளராக இருந்தால் அவனும் ‘முருகேசன், கே.’தான். பிள்ளைகள் ஆராய்ச்சி செய்ய, மேற்கோள் அத்தனையும் அப்பா பெயரில். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண் தரும் ஆர்சிட் திட்டம் 2012இல் வந்ததற்கு, உலகம் முழுவதும் இருந்த இதுபோன்ற பெயர்க் குழப்பங்களும் ஒரு காரணம். தமிழ் நூல்களைச் சேர்ப்பவர்கள் ‘வரதராசன்’ என்பதைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் ‘மு.’ என்பதை மற்றதிலும் கையால் இட்டுவிட்டால், அகரவரிசையில் நம் வழக்கப்படி ‘வ’வில் வந்து உட்காரும். பெரும்பாலான தமிழ் நூல்களுக்கு டிஓஐ எண் கிடையாது என்பதால், கைவேலையைத் தவிர்க்க வழியும் இல்லை.

மென்பொருள் வருவதற்கு முன்பு பிழையே இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த சிம்கினும் ராய்சௌதுரியும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற காஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 1973இல் எழுதிய இயற்பியல் கட்டுரையைச் சுட்டிய சுமார் 4300 மேற்கோள்களை அலசினார்கள். 196 மேற்கோள்களில் பிழை. ஆனால் வெவ்வேறான பிழைகள் 45தான். பக்க எண்ணில் நேர்ந்த ஒரே பிழை மட்டும் 78 முறை அப்படியே திரும்ப வந்திருந்தது. 78 பேருக்கும் தற்செயலாக ஒரே இடத்தில் கை வழுக்கியிருக்காது. மூலத்தைப் புரட்டாமல், பிறர் பட்டியலிலிருந்து எடுத்தெழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்கள் போட்ட உத்தேசக் கணக்கு. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பட்டியலைப் பார்த்து எழுதியவர் கட்டுரையையும் படித்திருக்கலாம். ஆனால் பிழை பரவும் வழி என்னவோ அதுதான். இப்போது காப்பியடிக்கக் கையே வேண்டாம், ஒரு சொடுக்கு போதும்.

நல்லதும் சொல்ல வேண்டும். திரும்பப் பெறப்பட்ட ஆய்வுகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஜோட்டெரோ 2019இல் இணைந்தது. நீங்கள் சேர்த்துவைத்த கட்டுரை பிறகு எப்போதாவது திரும்பப் பெறப்பட்டால், அது சிவப்பு எச்சரிக்கையோடு தோன்றும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத கட்டுரைகளைக் கூசாமல் மேற்கோள் காட்டும் இந்தக் காலத்தில், டிஓஐ எண்ணை இட்டு விவரம் வருகிறதா, வருவது அதே கட்டுரைதானா என்று பார்ப்பது உடனடிச் சோதனை. வான் டெர் கீர் கும்பல் அதிலேயே மாட்டியிருக்கும்.

போர்ட்டரும் ஜிக்கும் எழுதிய கடிதம் மாட்டாது. 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த, ஐந்தே வாக்கியம் கொண்ட வாசகர் கடிதம் அது. அபின் வகை வலிநிவாரணி தரப்பட்ட 11,882 உள்நோயாளிகளின் பதிவுகளில், அதற்கு அடிமையானவர்கள் நான்கு பேர்தான் என்றது. ஆஸ்பத்திரிப் படுக்கையில், கண்காணிப்பின்கீழ் இருந்தவர்களின் கணக்கு. அந்தக் கடிதத்தைப் பின்னால் யார் யார் எப்படிச் சுட்டினார்கள் என்று 2017இல் அதே இதழில் ஓர் ஆய்வுக் குழு எண்ணிக் காட்டியது. மொத்தம் 608 மேற்கோள்கள். 439 கட்டுரைகள், இந்த மருந்துகளுக்கு நோயாளிகள் அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டியிருந்தன. அவர்கள் உள்நோயாளிகள் என்ற விவரத்தை 491 கட்டுரைகள் சொல்லவேயில்லை. வட அமெரிக்காவில் அபின் வகை மாத்திரைகளின் கொள்ளைநோய்க்கு இதுவும் துணைபோனது என்பது அந்தக் குழுவின் முடிவு. கடிதம் உண்மையானது. திரும்பப் பெறப்படவும் இல்லை, இதழாசிரியர்கள் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்ததோடு சரி. ஆசிரியர் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எதிலும் பிசகில்லை என்பதால், எந்த மென்பொருளும் அதை ஒரு புள்ளி பிசகாமல் பட்டியலில் அடுக்கிக் கொடுத்துவிடும்.