பக்கம் சரி, எழுத்தைக் காணோம்

கல்முனையில் கொமினிகேஷன் கடையொன்றுக்குக் கடந்தகால வினாத்தாள் அச்செடுக்க ஒரு மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பீடிஎஃப் கோப்பு திறக்கிறது. எட்டுப் பக்கமும் இருக்கின்றன, ஆனால் எல்லாம் வெள்ளை. கோப்பின் அளவோ மூலத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பழி வைரஸ் மேல் விழும். தரவிறக்கிய வழியில் நின்ற வெப் ப்ரொக்ஸியை யாரும் சந்தேகிப்பதில்லை.

2018இல் அம்பாறையிலும் கண்டியிலும் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் அதே கதை. தடையைத் தாண்ட உதவும் விபிஎன், ப்ரொக்ஸி என்ற பெயர்கள் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

வெப் ப்ரொக்ஸி நமக்காக இன்னொரு தளத்துக்குப் போய்ப் பக்கத்தை எடுத்துவரும். வரும் வழியில் அதிலுள்ள இணைப்புகளையெல்லாம் தன் முகவரி வழியே போகும்படி மாற்றிவிடும். மாற்ற வேண்டுமானால் வந்ததை எழுத்தாக வாசிக்க வேண்டும். ஒழுங்காகச் செய்யப்பட்ட ப்ரொக்ஸி, வருவது வலைப்பக்கமா, படமா, பீடிஎஃப்பா என்று சேவையகம் தரும் வகைக்குறிப்பைப் பார்த்துவிட்டே கைவைக்கும். அரைகுறையானது எல்லாவற்றையும் யுடிஎஃப்-8 எழுத்தென்றே எடுத்துக்கொள்ளும்.

யுடிஎஃப்-8 தமிழுக்கு நன்மை செய்த முறைதான். ‘அ’ அதில் 224, 174, 133 என்ற மூன்று பைட். ஆனால் அதன் விதிக்கு ஒத்துவராத பைட் வந்தால், அதை எடுத்துவிட்டு 239, 191, 189 என்ற மூன்றை வைப்பது வழக்கம். திரையில் கேள்விக்குறியோடு தெரியும் கறுப்புச் சாய்சதுரம் அதுதான். பீடிஎஃப்பில் உள்ளதுபோன்ற சுருக்கப்பட்ட தரவில் ஏறத்தாழப் பாதி பைட்டுகள் 127ஐத் தாண்டியவை. பெரும்பாலானவை விதிக்கு ஒத்துவராதவை. ஒன்று மூன்றாகிறது, கோப்பு வீங்குகிறது. 150ஆக இருந்ததும் 200ஆக இருந்ததும் ஒன்றாகிவிட்ட பிறகு எது எதுவென்று யார் சொல்வது? ‘ரிப்பேர்’ செயலிக்குக் காசு கொடுப்பது வீண். பல பீடிஎஃப்களில் பக்கங்களின் பட்டியல் வெறும் ஆங்கில எழுத்தாகவே இருப்பதால் அது மட்டும் தப்பிவிடும்; பக்கங்கள் வெள்ளையாகத் திறப்பது அதனால்தான்.

நோய் பழையது. எஃப்டிபி என்ற முறையில் கோப்புகளை அனுப்பிய காலத்தில் படத்தை எழுத்து முறையில் அனுப்பி, வரிமுடிவுக் குறிகள் மாறிக் கெட்ட கோப்புகள் ஏராளம். அதனால்தான் 1996இல் வந்த பிஎன்ஜி படவடிவத்தின் முதல் எட்டு பைட்டுகளை 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்று வைத்தார்கள். 137ம், வரிமுடிவுகளான 13ம் 10ம் வேண்டுமென்றே போட்ட பொறிகள். வழியில் யாராவது எழுத்தென்று நினைத்துத் தொட்டால் முதலில் கெடுவது இவைதான். திறக்கும் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும்.

கெட்ட கோப்புக்கு வழி ஒன்றுதான்: ப்ரொக்ஸியை நிறுத்திவிட்டு மறுபடி தரவிறக்கி, அளவை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.