சுணைக் காயில் நரம்பு மருந்து

கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரத் தோட்டங்களில், மழைக்குப் பின் வேலியோரம் தழைத்து ஏறும் கொடிகளில் பூனைக்காலியும் ஒன்று. ஊதா நிறப் பூவும், பழுப்பு நிறச் சுணை போர்த்திய காயும் உடையது. சுணை மேலே பட்டால் அரிப்பு தாங்காது. அதனால் விவசாயிகள் கண்ட இடத்தில் வெட்டி எறிகிறார்கள். ஆனால், இக்காயின் உள்ளே இருக்கும் விதைக்கு மருந்துலகில் தனி மதிப்பு உண்டு.

பார்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தில் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதே காரணம். குறையும் டோபமைனை ஈடுசெய்ய உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்து லெவோடோபா. பூனைக்காலி விதையில் இது நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை காணப்படுகிறது. விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1937-லேயே வெளியிட்டவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள். அப்போது இது நோய்க்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது. 1967-ல் அமெரிக்காவில் டாக்டர் கோட்சியாஸ் டோபாவை அதிக அளவில் கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்க வைத்த பிறகே அதன் அருமை புரிந்தது.

2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் பூனைக்காலி விதைத் தூள் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. விதைத் தூளோ சுமார் அரை மணியில் வேலை செய்தது. எட்டே பேரிடம் நடந்த சோதனை என்பதை மறக்கக் கூடாது. நரம்பணு அழிவதையே இவ்விதை தடுக்குமா என்பது வேறு கேள்வி. எலிகளிடம் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தாலும் மனிதரிடம் அது நிரூபணம் ஆகவில்லை.

எனவே வேலியில் பறித்த விதையைப் பொடித்து வீட்டில் சாப்பிடுவது ஆபத்து. 1989-ல் மொசாம்பிக் நாட்டில், சரியாகப் பக்குவம் செய்யாத இவ்விதையை உண்ட இருநூறு பேருக்கு மேல் புத்தி தடுமாறியது. நம் மலைகளில் வாழும் பளியர்கள் விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகே உண்பார்கள். நஞ்சு நீங்குவது அந்தத் தண்ணீரோடுதான். மாத்திரை சாப்பிடும் நோயாளி டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இந்நோயில் விவசாயிக்கு இன்னொரு அக்கறையும் உண்டு. பாராகுவாட் களைக்கொல்லி, ரோட்டினோன் பூச்சிமருந்து இவற்றில் ஒன்றைக் கையாண்டவர்களுக்கு நடுக்குவாதம் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் காணப்பட்டதாக 2011-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. கேரளம் அதே ஆண்டு பாராகுவாட்டைத் தடை செய்தது. திராட்சைக்கும் ஏலத்துக்கும் மருந்து அடிக்கப் போகிறவர்கள் முகமூடியும் கையுறையும் இல்லாமல் தெளிப்பானைத் தோளில் ஏற்றக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.

பயிரிட விரும்புவோர் முதலில் வாங்குபவரைப் பார்த்துப் பேச வேண்டும். விதை வாங்கும்போது சுணை இல்லாத ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். வடிகால் உள்ள எந்த மண்ணிலும் வரும். நீர் தேங்கினால் வேர் அழுகும். விதையை ஓரிரவு ஊறவைத்து, ஆனி, ஆடி மழையில் குழிக்கு இரண்டாக ஊன்றி, குழிக்குக் குழி மூன்றடி விடலாம். ஏறுவதற்குக் கொம்போ பந்தலோ தேவை. கொடி எடுத்துவிட்ட பழைய திராட்சைப் பந்தல் இதற்கு நன்றாக உதவும். காய்க்கும் திராட்சைப் பந்தலில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், மூடி அமுக்கிவிடும். பயறு வகையானதால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். விதை வேண்டாம் என்றால், பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள் உரம்.

மார்கழி, தை மாதங்களில் காய் பழுத்து நிறம் மாறும். வெடிக்கும் முன் பறிக்க வேண்டும். சுணை ரகமானால், பனி ஈரம் காயாத காலையில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உடல் மூடிப் பறிப்பது நல்லது. காய்களை நன்றாக உலர்த்தி அடித்து, விதையைத் தூற்றிச் சாக்கில் கட்டி ஈரம் படாமல் வைக்கலாம்.