நானூறு டாலர் வில்

அம்பறாத்தூணி – 12

சென்ற வாரம் மிசூரிக்காரர் ஹாலிஸ் வில்பர் ஆலனைப் பார்த்தோம். சாதாரண வில்லின் இரு நுனிகளையும் அறுத்து, அங்கே கப்பிகளைப் பொருத்தி, 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர். 1969 டிசம்பரில் அது கைக்கு வந்தது. அவருடைய காம்பவுண்ட் வில்லின் வாரிசுகள்தான் இன்று அமெரிக்கக் கடைகளின் சுவர்களை நிறைத்துக்கொண்டு தொங்குகின்றன.

இந்த வாரம், அதில் ஒன்றை முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கப் போகிறவரோடு கடைக்குள் நுழைவோம். இடம் மிச்சிகன் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அக்டோபர் 1 அன்று வில்லுக்கான மான் பருவம் தொடங்குகிறது. துப்பாக்கிக்காரர்கள் நவம்பர் 15 வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட அந்த ஆறு வாரங்களில் காடு அமைதியாக இருக்கும். அதற்காகவே வில்லெடுத்தவர்கள் பலர்.

சுவரின் கண்ணுயரத்தில் மேத்யூஸ், ஹாய்ட் போன்ற நிறுவனங்களின் அந்தந்த ஆண்டுப் புது வில்கள். விலை 1,200 டாலரைத் தாண்டும். அதுவும் வெறும் வில்லுக்கு மட்டும். குறிபார்க்கும் சைட், அம்பைத் தாங்கும் ரெஸ்ட் எல்லாம் தனிக் காசு. கீழ் வரிசையில் பேர் குரூசர், டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ், பிஎஸ்இ ஸ்டிங்கர் போன்றவை இருக்கும். சைட், ரெஸ்ட், அம்புக்கூடு எல்லாம் மாட்டிய முழுத் தொகுப்பாகச் சுமார் 400 டாலருக்குக் கிடைக்கும். புதியவரின் கண் மேலே போகும், பர்ஸ் கீழே இழுக்கும். பர்ஸ் சொல்வதைக் கேட்கலாம் என்பதே என் உறுதியான கருத்து. மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் கவனம் வேண்டும்.

விலையுயர்ந்த வில் முதலில் விற்பது வேகத்தை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் எடையுள்ள லேசான அம்பு ஆகியவற்றை வைத்து அளந்தது. நடுத்தர உயரமுள்ள ஒருவர் 60 பவுண்டு வில்லில் வேட்டைக்கேற்ற 400 கிரெயின் அம்பை எய்தால் நொடிக்கு 240 அடி அளவில்தான் வரும். அது போதுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மானை வில்லால் எய்வது பெரும்பாலும் 20, 25 கஜத்துக்குள். 20 கஜம் என்பது 60 அடி. நொடிக்கு 240 அடி போகும் அம்பு கால் நொடியில் மானைத் தொடும். 300 அடி போகும் அம்புக்கு ஐந்தில் ஒரு நொடி. வித்தியாசம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. ஒலியோ நொடிக்கு ஏறக்குறைய 1,100 அடி போகிறது. நாண் அதிரும் சத்தம் எந்த வில்லானாலும் அம்பை முந்திக்கொண்டு மானின் காதை எட்டிவிடும். மிரண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். அம்பு அதன் முதுகுக்கு மேலே பறந்துபோகும். இந்தச் சிக்கலை இன்னொரு 800 டாலர் கொடுத்துத் தீர்க்க முடியாது. மான் நிம்மதியாக மேயும்வரை பொறுத்திருப்பதும் இன்னும் ஐந்து கஜம் நெருங்கவிடுவதும்தான் வழி.

வலிமை விஷயத்திலும் கவலை வேண்டாம். மான் அளவு விலங்குக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு ஆற்றல் போதும் என்று அம்பு செய்யும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை சொல்கிறது. மேலே சொன்ன சாதாரண அம்பிடம் 51 இருக்கிறது.

வில்லில் பணத்தைவிட முக்கியமானது உடம்புக்குப் பொருந்துவது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுநீளம் தோராயமாகத் தெரிந்துவிடும். 70 அங்குலம் வந்தால் 28. காம்பவுண்ட் வில் தனக்கென வைத்திருக்கும் நீளத்தில் வந்து நின்றுவிடும்; அதற்கு மேல் இழுக்க முடியாது. அந்த நீளம் உங்களுக்கு அதிகமாக இருந்தால் உடல் பின்னால் சாயும், நாண் முன்கையை உரசும், அம்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும். அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது போலத்தான். மலிவு விலைத் தொகுப்புகளின் பெரிய பலமே இங்கேதான் இருக்கிறது. இழுநீளத்தையும் இழுவிசையையும் மிகப் பரந்த எல்லைக்குள் மாற்றிக்கொள்ளும்படி அவற்றைச் செய்திருக்கிறார்கள். இன்ஃபினிட் எட்ஜ் புரோ 5 பவுண்டிலிருந்து 70 பவுண்டுவரை போகும். பன்னிரண்டு வயதுப் பெண் வைத்திருந்த அதே வில்லை அவளுடைய அப்பாவும் எய்யலாம்.

இழுவிசையைத் தேர்ந்தெடுக்கும்போது பலருக்கு வீம்பு வந்துவிடுகிறது. கடைக்காரர் முன்னால் 70 பவுண்டு வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, தோளை முறுக்கி ஒருவழியாக இழுத்துக் காட்டிவிட்டு அதையே வாங்கிப் போவார்கள். காட்டில் நடப்பது வேறு. விடியலுக்கு முன்பே போய், உறைபனிக் குளிரில் இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து விறைத்துப்போன தசைகளால் இழுக்க வேண்டும். மான் பார்க்காதபடி மெதுவாகவும் இழுக்க வேண்டும். அதனால் கடையில் ஒரு நாற்காலி கேளுங்கள். உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை நேரே மானைப் பார்த்தபடி பிடித்து அலுங்காமல் இழுத்துப் பாருங்கள். முடியவில்லையா, பத்து பவுண்டு குறையுங்கள். மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்து விஸ்கான்சினில் அது 30 பவுண்டுதான். 60 பவுண்டு காம்பவுண்ட் வில்லை முழுக்க இழுத்தபின் 80 சதவீதச் சுமையைக் கப்பிகள் வாங்கிக்கொள்ளும். விரல்களில் 12 பவுண்டுதான் மிஞ்சும். ஆனால் அந்த இடத்தை எட்டும்வரை 60 பவுண்டும் உங்களுடையதுதான்.

இன்னும் குறைந்த செலவில் போக நினைப்பவருக்குக் கப்பியில்லாத ரிகர்வ் வில் இருக்கிறது. சாமிக் சேஜ் போன்ற, கழற்றி மாட்டும் மரக் கைப்பிடி வில் சுமார் 150 டாலர். வில்லின் கைகளை, அதாவது வளையும் இரு பட்டைகளை, மட்டும் பிறகு மாற்றி விசையைக் கூட்டிக்கொள்ளலாம். விலையைப் பார்த்து அதை எளிய வழி என்று நினைத்துவிடாதீர்கள். இழுத்த 45 பவுண்டும் குறி பார்த்து முடியும்வரை விரல்களிலேயே இருக்கும். பெரும்பாலானவர்கள் சைட்டும் வைப்பதில்லை. முதல் ஆண்டே அதைக் கொண்டு மான்மேல் எய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணத்தில் குறைந்ததை அது நாட்களில் வசூலித்துக்கொள்ளும்.

பழைய வில் வாங்கலாமா? தாராளமாக. புது மாடல் வந்ததும் காம்பவுண்ட் வில்லின் மதிப்பு வேகமாக இறங்கும். மூன்று நான்கு வருடத்துக்கு முந்தைய மேல்வரிசை வில்லே உங்கள் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிடும். ஆனால் வாங்குமுன் பஞ்சுத் துண்டால் வில்லின் இரு கைகளையும் துடைத்துப் பாருங்கள். எங்காவது நார் சிக்கினால் அங்கே விரிசல். கப்பி வளைந்திருக்கிறதா, நாண் பிசிறு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அம்பில்லாமல் வெறும் நாணை என்றாவது விட்டதுண்டா என்று கேளுங்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் முழுவதும் அப்போது வில்லுக்குள்ளேயே திரும்பியிருக்கும். வெளியே தெரியாத சேதம் உள்ளே இருக்கலாம். சில வில்களில் இழுநீளத்தை மாற்ற வேறு கப்பிப் பகுதி வாங்க வேண்டும், பழைய மாடலுக்கு அது கிடைக்காமல் போகலாம். நாணும் கேபிளும் மாற்ற நேர்ந்தால் கடைக்கூலியோடு 100 டாலரைத் தாண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

வில்லில் மிச்சம் பிடித்த பணம் போக வேண்டிய இடம் அம்பு. வில் உங்கள் கையோடு நின்றுவிடுகிறது. மானிடம் போவது அம்பு மட்டுமே. கார்பன் அம்பின் தண்டில் 340, 400, 500 என்று ஓர் எண் இருக்கும். 28 அங்குல இடைவெளியில் தாங்கிகள் வைத்து, தண்டின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தொய்கிறது என்பதே அந்த எண். 400 என்றால் 0.400 அங்குலம். எண் சிறுத்தால் தண்டு விறைப்பு. 60 பவுண்டு வில்லுக்கும் 28 அங்குல அம்புக்கும் பெரும்பாலும் 400 ஒத்துவரும். உற்பத்தியாளரின் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நாண் தள்ளும்போது எந்தத் தண்டும் வளைந்துதான் கிளம்பும். விசைக்கு மீறி இளகிய தண்டு வாலை ஆட்டிக்கொண்டே போகும். நுனியில் பயிற்சி முனை இருக்கும்வரை அது பெரிதாகத் தெரியாது. பிராட்ஹெட் என்ற வெட்டுமுனையைத் திருகியதும் அதன் அலகுகள் சிறகுபோல் காற்றைப் பிடித்து, சிறு தவற்றையும் பெரிதாக்கிவிடும்.

ஆறு நல்ல கார்பன் அம்புகள் 60 முதல் 100 டாலர். காம்பவுண்ட் வில்லில் மர அம்பை வைத்துவிடாதீர்கள். அந்த விசையில் அது கையிலேயே சிதறலாம். கார்பன் அம்பையும் ஒவ்வொரு தடவை எய்யுமுன் காதோரம் வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள். நெறிபடும் ஓசை கேட்டால் அதை உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் கண்ட தண்டு வெடித்து உள்ளங்கையில் ஏறிய படங்களைப் பார்த்தவர்கள் பத்து டாலருக்குத் தயங்க மாட்டார்கள்.

வெட்டுமுனையில் சிக்கனம் கூடவே கூடாது. துப்பாக்கி ரவையைப் போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை, இரத்தப்போக்கால் கொல்கிறது. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்காலுக்குச் சற்றுப் பின்னே, இரு நுரையீரல்களையும் கூர்மையான அலகு கடந்து போனால், அது சில நொடிகளில், பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் விழுந்துவிடும். மழுங்கிய அலகு இரத்தக்குழாய்களை வெட்டாமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். அந்த மான் இரவெல்லாம் புதருக்குள் கிடந்து சாகும், அல்லது காயத்தோடு பல நாள் அலையும். வாங்கியவரின் சிக்கனத்துக்கு அந்த உயிர் ஏன் வலி சுமக்க வேண்டும்? குறைந்தது 7/8 அங்குல அகலமும் கூர்மையும் வேண்டும் என்பது விஸ்கான்சின் சட்டம். சாதாரண வில் வைத்திருப்பவருக்கு விரியும் அலகுகளைவிட நிலையான அலகுகளே நல்லது; விரிவதற்கு ஆற்றலை இழக்காமல் ஊடுருவும். மூன்று முனைகள் 40 டாலர் அளவில். 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம் எடையில் வாங்கி, பயிற்சி முனையும் அதே எடையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

மற்றவை சில்லறைச் செலவுகள். அம்பைச் சுற்றிப் பிடிக்கும் தூரிகை வளைய ரெஸ்ட் மலிவானது, அசைந்தாலும் அம்பு நழுவாது. மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ் 40 டாலர். நாணை விரலால் விடுவதைவிட அது சீரானது. நிலைப்படுத்தும் தண்டு இப்போது வேண்டாம். காட்டு வண்ண உடைக்காக நூற்றுக்கணக்கில் கொடுக்கவும் தேவையில்லை. மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கல், நீலம் பளிச். நீல ஜீன்ஸையும் துணியை மினுக்கும் சோப்புத் தூளையும் தவிர்த்து, பழுப்பில் எதையாவது போட்டுக்கொண்டு, காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கம் உட்காருங்கள்.

மரத்தின்மேல் தட்டுக் கட்டி உட்கார்வதானால் மட்டும் பேரத்தை நிறுத்திவிட வேண்டும். மான் வேட்டைக்காரர்களை அதிகம் ஊனப்படுத்துவது அம்பும் குண்டும் அல்ல, மரத்திலிருந்து விழுவதுதான். உட்கார்ந்திருக்கும்போது மட்டுமல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும் உடல் முழுக்கப் பிடிக்கும் வார்ப்பட்டை கயிற்றோடு பிணைந்திருக்க வேண்டும். அடுத்தவர் பழைய தட்டை, வெயிலில் இற்றுப்போன பட்டைகளோடு, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்குக் காசில்லையென்றால் தரையிலேயே, ஒரு புதர் மறைவில் உட்காரலாம்.

கூட்டினால் எல்லாம் சேர்ந்து 700 டாலர் அளவில் முடியும். அதில் ஒரு பங்கு காட்டுக்கே திரும்புகிறது. துப்பாக்கிக்கும் ரவைக்கும் வரி போட்டு அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்குக் கொடுக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937இல் வந்தது. 1972இல் வில்லையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். வேட்டை வில்லின் தயாரிப்பு விலையில் 11 சதவீதம் அப்படிப் போகிறது. அதே 1972இல்தான் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி இங்கே மானை எந்தக் கருவியாலும் வேட்டையாடுவது குற்றம். பிரிட்டனிலும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் வில்லால் காட்டு விலங்கைக் கொல்வதைத் தடுக்கிறது. இந்த அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் அனுமதியுள்ள நாட்டில் இருக்க வேண்டும், உரிமமும் எடுத்திருக்க வேண்டும். மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்தால்தான் வழக்கமான உரிமம் வாங்க முடியும்.

இன்னும் ஒரு செலவு, ஒரு டாலருக்கும் குறைவு: சாப்பிடும் காகிதத் தட்டு. அதன் அகலம் ஏறக்குறைய மானின் நெஞ்சறை இலக்கின் அகலம். இலக்கு மூட்டையில் அதைக் குத்தி வைத்து, உடல் சூடேறும் முன்பே, அந்த நாளின் முதல் அம்பை எய்யுங்கள். வேட்டையில் முதல் அம்புக்குத்தான் மதிப்பு. 15 கஜத்தில் அது தினமும் தட்டுக்குள் விழுந்தால் 20க்கு நகருங்கள். என்றைக்கு வெளியே போகத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய தூரம்தான் அந்தப் பருவத்தில் உங்கள் எல்லை. கடைசி இரண்டு வாரம் வெட்டுமுனை மாட்டியே எய்து பாருங்கள். ஆனால் துணி மூட்டையில் எய்யாதீர்கள், கிழிந்துவிடும். அதற்கு ஃபோம் இலக்கு வேண்டும்.

அடுத்த வாரம், அம்பு பட்ட பின் வரும் அரை மணி நேரக் காத்திருப்பும், இலைமேல் படிந்த இரத்தத்தின் நிறத்தைப் படிக்கும் விதமும்.

(தொடரும்)