இரண்டு உலக்கை, ஓர் உரல்

பி.எம்.டபிள்யூ. எம்340ஐ பார்வைக்கு நாலு கதவு குடும்ப செடான். ஆக்சிலேட்டரில் கால் அழுந்தினால் 4.4 விநாடியில் 100 கி.மீ. வேகம். 2021 மார்ச்சில் 62.90 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்த இந்தக் கார்தான், அந்த நிறுவனத்தின் ‘எம்’ முத்திரை பெற்றவற்றில் இந்தியாவில் பாகங்கள் கோத்து உருவாக்கப்பட்ட முதல் கார். உருவாக்கிய ஆலை, செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

எஞ்சினுக்கு நிறுவனம் வைத்திருக்கும் பெயர் ‘ட்வின்பவர் டர்போ’. பெயரைப் பார்த்து உள்ளே இரண்டு டர்போ இருப்பதாக நம்புவோர் உண்டு. இருப்பது ஒன்றுதான். இரட்டையாக இருப்பது அதன் கூட்டுக்குள் உள்ள வழி.

எஞ்சின் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவின் சரித்திரம் சுருக்கமானது. 1905இல் ஸ்விஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமை பெற்றார். 1973இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரெனப் பாயும் என்பதே அதன் புகழ்.

அந்தத் தாமதத்தைக் குறைக்கும் வித்தைகளில் ஒன்றுதான் இந்த இரட்டை வழி. மூன்று லிட்டர் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவை வெடிக்கும் முறை 1-5-3-6-2-4. முன் மூன்றின் புகை ஒரு வழியிலும், பின் மூன்றின் புகை இன்னொரு வழியிலும் டர்பைன் சக்கரத்தை அடைகிறது. முறையை மீண்டும் பார்த்தால் விஷயம் புரியும்: முன், பின், முன், பின். ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி நெல் குத்துவது போல. ஒருத்தியின் உலக்கை மேலே போகும்போது மற்றவளுடையது இறங்கும், இரண்டும் மோதுவதில்லை.

ஆறின் புகையையும் ஒரே குழாயில் விட்டால் மோதும். முதல் சிலிண்டர் புகையை முழுதாகத் தள்ளி முடிக்கும் முன்பே, கிராங்க் 120 டிகிரி திரும்பியதும், ஐந்தாவதின் வால்வு திறந்து அழுத்தத்தை எதிர்த்து அனுப்பும். எரிந்த புகை உள்ளேயே தங்கும். வழியைப் பிரித்தால் ஒரே குழாயில் அடுத்த அடி 240 டிகிரிக்குப் பிறகுதான். ஒவ்வோர் அடியும் கலங்காமல் சக்கரத்தில் விழுவதால், எஞ்சின் நிமிடத்துக்கு 1,900 சுற்றைத் தொடும்போதே 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைத்துவிடுகிறது. பிக்கப் என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். அழுத்தம் மிஞ்சினால் புகையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வேஸ்ட்கேட், உரலடியில் உட்கார்ந்து “போதும்டி” என்னும் மாமியார். ஆளுக்கு மூன்று உலக்கை, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய உரல் என்று கணக்குப் போட்டால் ஒப்புமை நொண்டும், நொண்டட்டும்.

இந்தக் காரின் 387 குதிரைத்திறனுக்கு வாலாஜாபாத் – ஒரகடம் சாலையில் வேலை குறைவு. 100 கி.மீ. வேகத்தைத் தொட எழுபது மீட்டர் அளவுக்குக் காலிச் சாலை வேண்டும். அங்கே முன்னால் கன்டெய்னர் லாரியும், அதற்கு முன்னால் கம்பெனி பஸ்ஸும் நிற்கும். 2018ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை கார்களுக்கு வைத்த உச்ச வேகம், தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100, விரைவுச்சாலையில் 120. காரின் எஞ்சினோ 250இல்தான் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. வேகத்தைக் கூட்டிப் பார்க்க ஆசைப்படும் உரிமையாளருக்கு இந்த வட்டாரத்தில் முறையான இடம், இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கும் 3.7 கி.மீ. பந்தயத் தடம்தான்.